இருப்புப்பாதை மிதிவண்டிப் பாதையான வரலாறு

இவ்வாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தரவேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் அவர்கள் பணித்தபோது நாம் சற்றே திகைத்தோம். சேர சோழ பாண்டியரைப் பற்றி எழுதத் தக்க புலமை உடையோர் நம் காலனியில் இருக்கின்றனர். நாமோ பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடை கொடுத்துவிட்டு, சரக்கு அலுவலகத்தில் ரசீதும் வாகன் கணக்கும் எழுதிக் காலங் கழித்து வருகிறோம். எனினும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருப்புப்பாதையின் உப்பைத் தின்று வருகின்ற உரிமையால், அவ்விருப்புப்பாதையைப் பற்றியே சில சொல்லத் துணிகிறோம். ஓடுகின்ற பாதையைப் பற்றியன்று. ஓட்டம் நின்றுபோன பாதையைப் பற்றி.

இப்பொருள் நம் உள்ளத்தில் எழுந்த விதத்தை மறைக்க வேண்டியதில்லை. சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாள் காலை, நம் மூத்த மகள் பள்ளிக்குச் சைக்கிளில் செல்லுகையில், காலனி வாயிலைத் தாண்டியதும் உள்ள பெருஞ்சாலையில் பின்னால் வந்த லாரி ஒன்றுக்கு ஒதுங்கப் போய், சரளையில் சறுக்கி விழுந்து வலக்கை மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். லாரிக்காரர்மீது குற்றம் சொல்வதற்கில்லை. ஒதுங்க இடமில்லாத சாலையில் அவரும் என் செய்வார்? மாவுக்கட்டு அவிழ்த்து மாதங்கள் பலவாயின. ஆயினும் அவள் தாயார் அந்தச் சைக்கிளை அதன்பின் வெளியே எடுக்க விட்டாரில்லை. இவ்வாறு வராந்தாக்களில் சாத்திக் கிடக்கும் பிள்ளைகளின் சைக்கிள்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்தோம். நம் வரிசையில் மட்டும் ஒன்பது இருந்தன.

நம் குடியிருப்புகளுக்குப் பின்புறம், வேலியை ஒட்டி, ஒரு காலத்தில் பருத்தி ஆலைக்குச் சென்ற சைடிங் இருந்தது யாவரும் அறிந்ததே. ஆலை மூடிற்று; தண்டவாளமும் கழற்றப்பட்டது. எஞ்சி நிற்பது ஜல்லி பரப்பிய மேடும், இருமருங்கும் தாமாகவே வளர்ந்துவிட்ட வேம்பும் புளியும் ஆகும். அம்மேடு வளைந்து சென்று பள்ளிக்கூடத்தின் பின்மதிலை ஏறக்குறைய தொட்டு நிற்கிறது. சித்திரை வெயிலிலும் அங்கே நிழல் உண்டு. ஒரு லாரியும் அதில் ஏற இயலாது. இத்தகைய பாதைகளைப் பிற நாட்டார் என்ன செய்தனர் என்று தேடப் புகுந்ததன் பயனே பின்வரும் செய்திகள்.

முதற்கண் இருப்புப்பாதையின் இலக்கணத்தைச் சிறிது நோக்குவோம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மீது உருளும்போது உராய்வு மிகக் குறைவு. அதனால்தான் ஓர் எஞ்சின் ஆயிரக்கணக்கான டன் பாரத்தை இழுத்துச் செல்ல முடிகிறது. ஆனால் அதே காரணத்தால் ஏற்றம் என்றால் சக்கரம் வழுக்கும். ஆகவே பாதையமைத்த பொறியாளர்கள் மேட்டைக் குடைந்தும் பள்ளத்தைத் தூர்த்தும், இயன்றவரை நூறடிக்கு ஓரடிக்கு மேல் ஏற்றம் வாராமல் பார்த்துக்கொண்டனர். நம் போர்க்காட் மலைப்பாதையில் 37 அடிக்கு ஓரடி ஏற்றம்; அதற்கே பின்னாலிருந்து தள்ளத் தனி எஞ்சின் வேண்டியிருக்கிறது. எஞ்சினுக்கு இரங்கிச் செய்த இச்சமன், சைக்கிள் மிதிப்பவரின் முழங்காலுக்கும் இரங்கியதாக முடிந்தது. நூற்றுக்கு ஓரடி ஏற்றத்தை எட்டு வயதுச் சிறுவனும் உணரமாட்டான். வளைவுகளும் அவ்வாறே மெல்ல வளைவன. ஓடையைக் கடக்கப் பாலம், மழைநீர் வடியக் கால்வாய், சாலை குறுக்கிடும் இடங்கள் பலவற்றில் மேம்பாலமோ கீழ்ப்பாலமோ யாவும் ஆயத்தமாக உள்ளன. தண்டவாளத்தை எடுத்த பின்பும் இவை போவதில்லை.

நிழலைப் பற்றியும் ஒரு சொல். நீராவி எஞ்சின் ஓடிய நாளில் அதன் புகைபோக்கியினின்று தீப்பொறிகள் பறக்கும். கரையோரப் புல்லும் புதரும் பற்றிக்கொள்ளாதிருக்க, கேங்மேன்கள் அவற்றை வெட்டிக்கொண்டே இருப்பர். ஆதலால் பழைய படங்களில் பாதையோரங்கள் மொட்டையாகக் காணப்படும். நீராவி நின்று, கேங்குகளும் போனபின், பறவையும் காற்றும் இட்ட விதைகள் முளைத்து மரமாயின. இன்று மேனாடுகளில் மக்கள் புகழ்ந்து பேசும் தழைப்பந்தல்களுள் பல, வெட்டுவாரின்மையால் வளர்ந்தனவே.

நிற்க. இவ்வரலாற்றில் நாம் பெரிதும் வியந்தது, அது நம் பக்கத்து ஊரோடு தொடர்புடையதாக இருந்ததுதான். நம் சோலாப்பூர்ப் பகுதியில் பார்சி என்னும் ஊர் பருத்திக்கும் தானியத்துக்கும் பெயர்பெற்ற சந்தை. ஆனால் பெரிய இருப்புப்பாதை அவ்வூரைத் தொடாமல் சுமார் 35 கிலோமீட்டர் தள்ளியே போயிற்று. மூட்டைகள் மாட்டுவண்டியில் வந்து சேரவேண்டும். இக்குறையைத் தீர்க்க வந்தவர் எவரார்ட் கால்த்ராப் என்னும் ஆங்கிலப் பொறியாளர். 1882-ஆம் ஆண்டில் கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயில் பணியேற்று இந்நாட்டுக்கு வந்த இவர், சிறிய ஊர்களுக்குச் செலவு குறைந்த சிறு பாதைகளே ஏற்றவை என்ற கொள்கையுடையவர். இரண்டரை அடி அகலமே உடைய பாதை. வண்டியின் பாரம் எல்லா அச்சுகளிலும் சமமாகப் பரவி ஒவ்வோர் அச்சிலும் 5 டன்னுக்கு மேற்படாத ஏற்பாடு. அதற்கேற்ற மெல்லிய தண்டவாளம். இம்முறையில் 1897-இல் பார்சி லைட் ரயில்வே ஓடத் தொடங்கியது. பின்னர் 1906-இல் பண்டரிபுரத்துக்கும், 1911-இல் லாத்தூருக்கும், 1927-இல் மீரஜுக்கும் நீண்டு, மொத்தம் 325 கிலோமீட்டர் ஆயிற்று. ஆஷாட ஏகாதசிக்குப் பண்டரிபுரம் சென்ற அடியார்கள் அக்குட்டி ரயிலில் எள் விழ இடமின்றி நிறைந்து சென்றதை நம் காலனிப் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்வர்.

கால்த்ராப் பலதுறை ஆர்வம் உடையவர். அராபியக் குதிரைகளை வளர்த்தார். அவருடைய நண்பரும், ரோல்ஸ்-ராய்ஸ் மோட்டார் நிறுவனத்தின் பெயரில் முதற்பாதிக்கு உரியவருமான சார்லஸ் ரோல்ஸ் 1910-இல் விமானம் நொறுங்கி இறந்த துயரால், விமானிகளைக் காக்கும் பாரசூட் ஒன்றை அமைப்பதில் பின்னாட்களைச் செலவிட்டார். அதற்கு அவர் இட்ட பெயரின் பொருள் ‘காவல் தேவதை’ என்பதாம். நமக்கு வேண்டியது அதுவன்று. பார்சியில் கண்ட வெற்றியைக் கொண்டு, அவர் தம் தாய்நாட்டில் ஸ்டாபோர்ட்ஷயர் மாவட்டத்திலும் ஒரு சிறு பாதை அமைத்தார் என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

லீக்–மானிபோல்ட் பள்ளத்தாக்கு ரயில்வே என்பது அதன் பெயர். 1904-ஆம் ஆண்டு ஜூனில் திறக்கப்பட்டது. வாட்டர்ஹவுசஸ் என்னும் ஊரிலிருந்து ஹல்ம் எண்ட் வரை எட்டேகால் மைல். பார்சியின் அதே இரண்டரை அடி அகலம். எஞ்சின்கள் இரண்டே, அவற்றுள் ஒன்றுக்குக் கால்த்ராப்பின் பெயரே இடப்பட்டது. வெயில் நாட்டுப் பழக்கப்படி எஞ்சினின் முகத்தில் பெரிய விளக்கு, வண்டிகளின் கோடிகளில் திறந்த வராந்தா, மேலே மஞ்சள் வண்ணம். மழையும் மூடுபனியும் மிக்க அப்பள்ளத்தாக்கில், தக்காணத்து ரயில் ஒன்று வழிதவறி வந்ததுபோல அது காட்சியளித்திருக்க வேண்டும். எக்டன் என்னும் இடத்திலிருந்த பாலேடு நிலையத்தின் பாலே அதற்குப் பெரும் வருவாய். மோட்டார் லாரிகள் வந்தன; பால் நிலையமும் மூடியது. 1934 மார்ச்சில் ரயில் நின்றது.

அதன்பின் நிகழ்ந்ததுதான் புதுமை. ரயில்வே கம்பெனியார் அப்பாதை நிலத்தைத் துண்டு துண்டாக விற்றுக் காசாக்காமல், முழுவதையும் ஸ்டாபோர்ட்ஷயர் மாவட்ட மன்றத்திடம் ஒப்படைத்தனர். மன்றத்தார் அதனைச் செம்மைசெய்து 1937-இல் மக்கள் நடப்பதற்குத் திறந்து வைத்தனர். ஓய்ந்த இருப்புப்பாதை அப்படியே பொதுவழியாக மாறியவற்றுள் பிரிட்டனில் மிகப் பழையது எனத் தக்கது இதுவே. இன்று சைக்கிள்களும் அதில் செல்கின்றன. ஆனால் முற்றிலும் மோட்டார் இல்லாதது என்று சொல்வதற்கில்லை. நடுவில் ஸ்வெய்ன்ஸ்லி சுரங்கம் உள்ளிட்ட ஒரு பகுதியில் கார்களும் செல்ல இடங்கொடுத்துவிட்டனர். குழந்தைகளோடு வருவோர் அவ்விடத்தில் மட்டும் சற்று நின்று பார்த்துப் போகவேண்டும். பாலில் ஒரு துளி மோர் என்று இதனைச் சொல்லலாம்.

அடுத்த கட்டம் துயரமானது. 1963 மார்ச் 27-ஆம் நாள் பிரிட்டிஷ் ரயில்வே வாரியத் தலைவர் டாக்டர் பீச்சிங் தம் அறிக்கையை வெளியிட்டார். நாட்டுப் பாதைகளில் மூன்றிலொரு பங்கு நூற்றுக்கு ஒருவரையே சுமக்கிறது என்று கணக்குக் காட்டி, 5,000 மைல் பாதையையும் 2,363 நிலையங்களையும் மூடப் பரிந்துரைத்தார். அக்கணக்கு 1961 ஏப்ரலில் ஒரு வாரம் எடுத்தது. கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு, ஒரு வார ஏட்டைக் கொண்டு ஓர் ஊரின் தலையெழுத்தைத் தீர்ப்பது அச்சமாகவே தோன்றுகிறது. கோடையில் கடற்கரைக்கு நிரம்பி வழியும் பாதை ஏப்ரலில் காலியாகத்தானே இருக்கும்? எவ்வாறாயினும் பாதைகள் மூடப்பட்டன. மானிபோல்ட் நிலத்துக்குக் கிடைத்த நல்லூழ் அவற்றுள் பலவற்றுக்குக் கிட்டவில்லை. ஓரிடம் உழவருக்கும், ஓரிடம் வீடு கட்டுவோருக்கும் விற்கப்பட்டது. பாலங்கள் பழைய இரும்புக்காகப் பெயர்க்கப்பட்டன.

நீண்ட பாதையின் மதிப்பு அதன் நிலத்தில் இல்லை. அறுபடாத தொடர்ச்சியில் இருக்கிறது. இருபது மைல் பாதையில் நடுவே நூறு கெஜம் போனால் எஞ்சுவது இரண்டு முட்டுச் சந்துகளே. துண்டாக்கிவிட்டு மறுபடி ஒட்டுவது எவ்வளவு அரிது என்பதைப் பிற்காலத்தில் பிரிட்டனில் பாதை அமைக்க முயன்றோர் ஒவ்வோர் அடியிலும் உணர்ந்தனர்.

அம்முயற்சியில் தலைசிறந்தது பிரிஸ்டல் நகரத்தாருடையது. 1977-இல் அங்கே சைக்கிள் ஆர்வலர் சிலர் கூடிச் சைக்கிள்பேக் என்னும் குழுவை அமைத்தனர். பிரிஸ்டலுக்கும் பாத் நகருக்கும் இடையே மூடப்பட்டிருந்த பழைய மிட்லண்ட் ரயில்வேத் தடத்தைத் தேர்ந்து, 1979-இல் மண்வெட்டியும் தட்டுக்கூடையுமாகத் தாமே இறங்கினர். 1986-இல் 13 மைல் பாதை முடிந்தது. ஸ்டேப்பிள் ஹில் என்னுமிடத்தில் பழைய சுரங்கத்துக்குள் விளக்கொளியில் சைக்கிள்கள் செல்கின்றன. பிட்டன் என்னும் நிலையத்தருகே பழைய நீராவி ரயிலைக் காக்கும் அன்பர்கள் அதே தடத்தின் ஒரு பாதியில் இன்றும் ரயில் ஓட்டுகிறார்கள். ஒருபுறம் எஞ்சின், மறுபுறம் சைக்கிள். அக்குழுவே பின்னர் சஸ்ட்ரான்ஸ் என்னும் பெரிய அறநிறுவனமாக வளர்ந்து, 1995-இல் லாட்டரி நிதியிலிருந்து 4 கோடிப் பவுண்டுக்கு மேல் பெற்று நாடு தழுவிய சைக்கிள் பாதைகளை அமைத்தது.

அமெரிக்காவின் கதை ஒரு கடிதத்தில் தொடங்குகிறது. சிகாகோ நகரின் மேற்குப் புறநகர்களுக்கு ஓடிய மின்சார ரயில் ஒன்று, 1957 ஜூலை 3-ஆம் நாள் நண்பகலில் திடீரென நிறுத்தப்பட்டது. நீதிமன்ற அனுமதி கிடைத்ததும் கம்பெனியார் மாலை வரைகூடக் காத்திராமல் நிறுத்திவிட்டனர். காலையில் அதே ரயிலில் வேலைக்குச் சென்றவர்கள் மாலையில் வீடு திரும்ப வழியின்றித் தவித்தனர். பயணிகளை இவ்வாறு நட்டாற்றில் விடுவதை எந்த நாட்டு ரயில்வே ஊழியனும் மன்னிக்க மாட்டான். அத்தடம் களைகட்டிக் கிடக்கையில், மே தீல்கார்ட் வாட்ஸ் என்னும் இயற்கையியல் ஆசிரியை, 1963 செப்டம்பரில் சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். புல்டோசர்கள் வருமுன் இத்தடத்தை நடைபாதையாக்கிக் காக்கவேண்டும் என்பது அதன் சாரம். அதிலிருந்து முளைத்ததே இல்லினாய் பிரெய்ரி பாதை. ஆயுதம் ஏதுமின்றி ஓர் அம்மையார் அஞ்சல்தலை ஒட்டிச் செய்த காரியம் இது.

அதே காலத்தில் விஸ்கான்சின் மாநிலத்தில் எல்ராய், ஸ்பார்ட்டா என்னும் இரு சிற்றூர்களுக்கிடையே 1873 முதல் ஓடிய பாதை கைவிடப்பட்டது. மாநில அரசே அதனை 1965-இல் வாங்கிற்று. ஜல்லிக்குமேல் சுண்ணாம்புக்கல் பொடியை இறுகப் பரப்பி 1967-இல் சைக்கிள்களுக்குத் திறந்தது. நீளம் 32 மைல், மூன்று சுரங்கங்கள். மூன்றாவது சுரங்கம் முக்கால் மைல் நீளம் உடையது. உள்ளே மேலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். இருள் கண்ணைக் கட்டும். சைக்கிளை விட்டிறங்கிக் கைவிளக்கோடு தள்ளிக்கொண்டு நடக்கவேண்டும் என்பது விதி. பனிக்காலத்தில் பாறை வெடிக்காதிருக்க வாயில்களில் பெரிய மரக்கதவுகள். முன்னாளில் ரயில் வரும்போது காவலாளி அவற்றைத் திறந்து மூடுவாராம். கடுங்குளிரில் நள்ளிரவில் அப்பணி செய்தவரை நாம் நினைத்துக்கொள்கிறோம்.

ஆயினும் அமெரிக்கரிடமிருந்து நாம் கற்கத் தக்கது சுரங்கமன்று, ஒரு சட்டம். 1983-இல் அந்நாட்டு மன்றம் ஒரு திருத்தம் நிறைவேற்றியது. ஓய்ந்த இருப்புப்பாதையைத் துண்டாக்காமல், பிற்காலத்தில் ரயில் மீண்டும் வேண்டப்படலாம் என்ற எண்ணத்தோடு ஒரு வங்கியில் இட்டதுபோல் சேமித்து வைக்கலாம்; அதுவரையில் நடப்போரும் சைக்கிளோட்டுவோரும் பயன்படுத்தலாம் என்பது அதன் கருத்து. நிலம் தமக்கே திரும்ப வேண்டும் என்று அண்டை நிலத்தார் வழக்காடினர். 1990-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. இன்று அமெரிக்காவில் இவ்வாறு மாறிய பாதைகள் சுமார் 40,000 கிலோமீட்டர்.

ஸ்பெயின் நாட்டில் 1993 முதல் ‘பசும்பாதை’ என்னும் பெயரில் இத்திட்டம் நடைபெற்று, 3,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதைகள் உருவாகியுள்ளன. அவற்றுள் ஒன்றை மட்டும் குறிப்பிடுவோம். தெற்கே ஆண்டலூசியாவில் புவெர்த்தோ செர்ரானோவிலிருந்து ஓல்வெரா வரை 36 கிலோமீட்டர். 1920-களில் சர்வாதிகாரி பிரிமோ டி ரிவேரா காலத்தில் கட்டத் தொடங்கிய இருப்புப்பாதை அது. 30 சுரங்கங்கள் குடைந்தனர், உயர்ந்த பாலங்கள் எழுப்பினர், நிலையங்களும் கட்டினர். பின்னர் பணம் வற்றி, உள்நாட்டுப் போரும் மூண்டு, ஒரு நாளும் ஒரு ரயிலும் அதில் ஓடவில்லை. கட்டியவர்கள் காண விரும்பியது எதுவோ அது வரவேயில்லை. எழுபது ஆண்டு கழித்துச் சைக்கிள் வந்தது. இன்று அச்சுரங்கங்களில் பிள்ளைகள் கூவிக்கொண்டு செல்கிறார்கள். வழியிலுள்ள பெரும்பாறை ஒன்றில் நூற்றுக்கணக்கான கழுகுகள் கூடு கட்டி வாழ்கின்றன.

இவ்வளவும் படித்தபின் நம் மனத்தில் ஒரு உறுத்தல் எழுந்ததை ஒளிக்கலாகாது. மூடிய பாதையைக் கொண்டாடுவது ரயில்வே ஊழியனுக்கு அழகா? பாதை ஒன்று மூடினால் கேங்மேன், பாயிண்ட்ஸ்மேன், கேட் காவலர், நிலைய வாயிலில் டீ விற்பவர் என்று எத்தனை அடுப்புகள் அணைகின்றன! பீச்சிங் மூடிய தடங்களில் எடின்பரோவுக்குத் தெற்கே சென்ற ஒன்று 1969-இல் நின்றது. அதன் ஒரு பகுதியில் 2015-இல் மீண்டும் ரயில் விட்டனர். இடைப்பட்ட 46 ஆண்டு அவ்வூரார் பட்ட இன்னலுக்கு யார் ஈடு செய்வது? ஆகவே நம் கருத்து இது: ரயில் ஓடக்கூடிய பாதையில் ரயிலே ஓடவேண்டும். ஓடவே இயலாது என்று ஆனபின், துண்டாக்குவதினும் சைக்கிளுக்கு விடுவது நன்று. திரும்பி வர ரயிலுக்கும் அதுவே வழிவைக்கும்.

இக்கேள்வியை நாம் எமது தந்தையாரிடமே கேட்டோம். அவர் பிழைப்புத் தேடி வடக்கே வந்து, பார்சிப் பாதையில் கேங்மேனாகச் சேர்ந்து, கீமேனாக ஓய்வு பெற்றவர். சுத்தியலும் ஸ்பானரும் சிவப்புக் கொடியுமாக நாள்தோறும் அக்குட்டித் தண்டவாளத்தின் ஓரமாகவே நடந்து தேய்ந்த கால்கள் அவருடையவை. நாம் குரங்குப் பெடல் போட்டுச் சைக்கிள் பழகியதும் அக்கேங்மேன் பாதையில்தான். அது குற்றம் என்பதை அன்று அறியோம். தந்தையார் அறிவார், எனினும் சாலையில் விடுவதைவிட இது மேல் என்று வாளாவிருந்தார். 2007, 2008 ஆண்டுகளில் குர்டுவாடி–லாத்தூர் அகலப்பாதை கட்டங்கட்டமாகத் திறக்கப்பட்டபோது, பாதை உஸ்மானாபாத் நகரைத் தொடும்படி திருப்பி அமைக்கப்பட்டது. அந்நகரின் பெயர் இன்று தாராசிவ். மக்களுக்கு அது பெரும் நன்மை. ஆனால் எட்ஷிக்கு அருகே ராம்லிங் மலைச்சரிவில் வளைந்து சென்ற பழைய குறும்பாதை அத்துடன் ஓய்ந்தது.

சென்ற தை மாதத்தில் தந்தையாரை ராம்லிங் கோயிலுக்கு அழைத்துச் சென்றோம். தரிசனம் ஆனபின், பழைய தடத்தைப் பார்க்கவேண்டும் என்றார். முட்செடிகளை விலக்கிச் சிறிது தூரம் நடந்தோம். எழுபத்து நான்கு வயதில், இரண்டு கையும் பின்னால் கட்டிக்கொண்டு, போகும்போது இடப்பக்கமும் திரும்பும்போது மறுபக்கமுமாகத் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். தண்டவாளம் இல்லாத இடத்தில் அவர் எதைப் பரிசோதித்தார் என்று நாம் கேட்கவில்லை. ஒரு சிறு பாலத்தின்மீது நின்று, கல் நல்ல கல், இன்னும் நூறு வருஷம் தாங்கும் என்றார். சைக்கிள் விடுவதைப் பற்றிக் கேட்டோம். “சும்மா கெடந்து முள்ளு மொளைக்கறதுக்குப் புள்ளைங்க போனா என்னப்பா? ஆனா வாரத்துக்கு ஒரு தடவை ஒருத்தன் நடந்து பாக்கணும். பாக்காம விட்டா எந்தப் பாதையும் நிக்காது” என்றார்.

இந்தியாவில் சைக்கிளுக்கெனத் தனிப்பாதை இல்லாமலில்லை. உத்தரப் பிரதேசத்தில் எட்டாவாவிலிருந்து ஆக்ரா வரை 207 கிலோமீட்டர் பாதை 2016-இல் திறக்கப்பட்டது. பின்னர் பல இடங்களில் பராமரிப்பின்றிச் சீர்கெட்டதாகச் செய்திகள் வந்தன. தந்தையாரின் சொல் அங்கே பொருந்தும். ஐதராபாத்தில் வெளிவட்டச் சாலையை ஒட்டி 23 கிலோமீட்டர் பாதை 2023 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதற்கு மேலே நெடுகச் சூரிய மின்தகடுகளால் கூரை வேய்ந்திருக்கிறார்கள். நிழலும் ஆயிற்று, மின்சாரமும் ஆயிற்று. வேப்பமரக் காற்று அதில் வாராது என்பது தவிர நாம் குறை காணவில்லை. ஓய்ந்த இருப்புப்பாதைகள் நம் நாட்டில் குறைவு என்பதும் உண்மையே. 1992-இல் தொடங்கிய ஒரே அகலத் திட்டத்தின்படி குறும்பாதைகளும் மீட்டர் பாதைகளும் பெரும்பாலும் அதே தடத்தில் அகலமாக்கப்பட்டன. எஞ்சியவை ராம்லிங் போன்ற வளைவுகளும், ஆலைச் சைடிங்குகளுமே.

நம் காலனிச் சைடிங்குக்கு வருவோம். அதனை நாம் இருமுறை நடந்து அளந்தோம். பின்வாயில் வேலியிலிருந்து பள்ளி மதில் வரை 1,640 மீட்டர். சிறு மதகு இரண்டு. இரண்டும் உறுதியாக உள்ளன. ஏற்றம் எங்கும் தெரியவில்லை. மரங்கள் 88; அவற்றுள் வேம்பு 51. நடுவில் சுமார் 60 மீட்டர் நீளத்தைச் சமன்செய்து கார் நிறுத்தும் கொட்டகை அமைக்கலாம் என்று ஒரு யோசனை அலுவலக வட்டாரத்தில் உலவுகிறது. காரில்லாத வீட்டினரான நாம் பொறாமையால் பேசுகிறோம் என்று எவரும் எண்ணவேண்டா. கொட்டகைக்கு முன்வாயிலருகே பழைய தண்ணீர்த் தொட்டி இருந்த இடம் காலியாக உள்ளது. நிழலும் அங்கே குறைவில்லை. அந்த 60 மீட்டர் போய்விட்டால் இந்த 1,640 மீட்டரும் போயிற்று.

நிலம் ரயில்வேயினுடையது, அது ரயில்வேயினுடையதாகவே இருக்கட்டும். பிள்ளைகள் பள்ளி செல்லும் காலை மாலை வேளைகளில் மட்டும் பின்வாயிலைத் திறந்து, ஜல்லியின்மேல் முரம் மண் பரப்பிக்கொள்ள அனுமதி வேண்டி ஒரு மனு எழுதப்பட்டுள்ளது. மண் பரப்பும் வேலையை நாமே செய்வோம் என்றும், வாரம் ஒருமுறை முறைவைத்து ஒருவர் நடந்து பார்ப்போம் என்றும் அதில் கூறியிருக்கிறோம். முதல் வாரத்து முறைக்கு எமது தந்தையார் பெயர் கொடுத்திருக்கிறார். மராத்தி, தெலுங்கு அன்பர்கள் உட்பட இதுவரை 112 பேர் கையெழுத்திட்டுள்ளனர். மனு சங்க அறையில், ஹார்மோனியம் இருக்கும் அலமாரியின்மேல் வைக்கப்பட்டிருக்கிறது. ஆண்டு விழா முடிந்த மறு ஞாயிறு மாலை 5 மணி முதல் 7 மணி வரை நாம் அங்கே இருப்போம்.